இன்ஸ்பெக்டர் வருகிறார்!

(ஓர் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இவ்விழாவில் "நாடகமும் நகர ஆட்சியும்" என்பது பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் நாடகக்காரன் அல்ல. நாடகத்தின் இலக்கணம் இன்னது என்று எடுத்துச் சொல்லக்கூடிய பண்டிதனும் அல்ல. ஆகையால் நடிப்பு எப்படி, பாட்டு எப்படி என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகப்போவதில்லை. ஒரே ஒரு நாடகத்தின் கதையைச் சொல்லி, அதிலிருந்து என் புத்திக்கு எட்டிய சில விஷயங்களை எடுத்துச் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டிற்குப் போய் நிதானமாக யோசித்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாடகம் என்றவுடன் நம் ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அரிச்சந்திரன் பெண்டாட்டியை விற்றதும், ராமன் காட்டுக்குப் போனதும், நாரதர் கலகம் மூட்டியதும்தான் ஞாபகம் வருகின்றன. அந்த நாடகங்களில் எங்காவது ஒரு சாக்கடை உண்டா? ஓர் ஆஸ்பத்திரி உண்டா? ஊர்ப் பணம் எங்கே போயிற்று என்று கேட்கிற ஓர் ஆளாவது உண்டா? தேவலோகத்துக் கணக்கெல்லாம் நமக்குத் தெரியும். நம் தெருக்கோடியிலுள்ள குப்பையின் கணக்குத் தெரியாது. நான் இன்று சொல்லப்போகும் நாடகத்தில் தேவனும் இல்லை, அசுரனும் இல்லை. குப்பை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கோர்ட்டு உண்டு, தபாலாபீசு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. அவற்றைத் தின்று கொழுக்கும் உத்தியோகஸ்தர்களும் உண்டு.

அந்த நாடகத்தின் பெயர் ருஷ்ய பாஷையில் "ரிவிஸோர்" என்பதாகும். போலீசு இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். வெளியூர் ஆட்சியின் கணக்கு வழக்குகளைப் பார்வையிடத் தலைநகரிலிருந்து வரும் பெரிய அதிகாரி என்று அர்த்தம். எழுதியவர் நிக்கோலாய் கோகோல் என்பவர். 1809-ல் பிறந்தவர். 1835-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவர் கவி புஷ்கினுக்கு ஒரு கடிதம் எழுதி, வேடிக்கையான ருஷ்யக் கதை ஏதாவது இருந்தால் கொடுங்கள், அதை வைத்து ஐந்து அங்கத்தில் ஒரு நாடகம் செய்து விடுகிறேன் என்று கேட்டார். அப்படிப் பிறந்த இந்த நாடகம் 1836-ம் வருஷம் பீட்டர்ஸ்பர்க் நகரில் முதன்முதலாக மேடை ஏறியது. அப்போது ருஷ்யாவை ஆண்டவன் ஜார் முதலாம் நிக்கோலாய். குடியானவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் பண்ணையடிமைகளாக இருந்த காலம் அது. அந்த அடிமைமுறை 1861-ல்தான் சட்டப்படி ஒழிந்தது.

கதை நடக்கும் ஊருக்குப் பெயர் இல்லை. மூன்று வருஷம் குதிரையை ஓட்டினாலும் வேறு ராஜ்யத்து எல்லையை எட்ட முடியாத மூலையிலுள்ள ஒரு சின்ன டவுன். அதற்கு ஒரு நகராதிகாரி. இவர் ஓட்டு வாங்கி வந்த சேர்மன் அல்ல, சர்க்கார் நியமித்த ஆள். காதரைன் ராணி 1775-ல் செய்த மாகாணச் சட்டத்தின்படி ஏற்பட்ட உத்தியோகம் இது. 1785-ல் பட்டணங்களுக்கென்று ஒரு சாசனம் கொடுத்து நகரசபை என்றும் ஏற்படுத்தினாள். ஆனால் கடிவாளம் சர்க்கார் ஆளின் கையிலேயே இருந்தது. ஊர் ஜனங்கள் அவரை வைக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அவர் பயப்பட வேண்டியதெல்லாம் மேலே இருப்பவருக்குத்தான். நாடகத்தின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரை தூக்கியவுடன் நகராதிகாரி தம் சகாக்களைக் கூட்டிவைத்து ஒரு கெட்ட சேதி சொல்லுகிறார். தலைநகரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறாராம், அதுவும் ரகசியமாக, வேறு பெயரில், மாறு வேஷத்தில் வருகிறாராம். இரவெல்லாம் இரண்டு பெரிய கறுப்பு எலிகள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொப்பனம் கண்டாராம். அது இதற்குத்தான் என்கிறார். சொப்பனத்திற்குப் பலன் பார்ப்பது நம் நாட்டுப் பஞ்சாங்கக்காரனுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு ஒவ்வோர் இலாகாவாக "சீர்திருத்தம்" நடக்கிறது. ஆஸ்பத்திரியை நிர்வகிக்கும் தர்ம ஸ்தாபன அதிகாரியைப் பார்த்து, நோயாளிகள் கருமான் பட்டறை ஆட்கள்போல் அழுக்காக இருக்கிறார்களே, சுத்தமான குல்லாயாவது மாட்டிவையும் என்கிறார். அந்த அதிகாரியோ, விலை உயர்ந்த மருந்து எதுவும் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது, சாதாரண மனிதன் சாகிறவனானால் எப்படியும் சாவான், பிழைக்கிறவனானால் எப்படியும் பிழைப்பான் என்று தம்முடைய வைத்திய சாஸ்திரத்தைச் சொல்லுகிறார். டாக்டர் ஒரு ஜெர்மானியர். அவருக்கு நோயாளியின் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தோழர்களே, "விதிப்படி நடக்கும்" என்ற வேதாந்தம் யாருக்கு எப்படிப் பயன்படுகிறது பாருங்கள்! மருந்துப் பணத்தைத் தின்றவனுக்கு விதியைவிட நல்ல வக்கீல் கிடைப்பானா?

கோர்ட்டுக் கூடத்தில் காவலாட்கள் வாத்து வளர்க்கிறார்கள். வழக்குக்காரர் காலில் குஞ்சுகள் மிதிபடுகின்றன. ஜட்ஜ் லஞ்சம் வாங்குவது உண்டு, ஆனால் பணமாக அல்ல, வேட்டை நாய்க்குட்டியாக. அது லஞ்சமாகாது என்பது அவருடைய தீர்ப்பு. தபால் அதிகாரிக்கு ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது பொழுதுபோக்கு. நகராதிகாரி அதைத் தடுக்கவில்லை. தம்மேல் யாராவது பிராது எழுதுகிறார்களா என்று இன்னும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள் என்கிறார்.

தெருவைப் பற்றிய உத்திரவு இன்னும் வேடிக்கை. சக்கிலியர் கடைக்குப் பக்கத்திலுள்ள பழைய வேலியைச் சட்டென்று இடித்துப்போட்டு, அங்கே ஒரு கம்பை நட்டு, ஏதோ பெரிய கட்டடத் திட்டம் நடப்பதுபோல் காட்டச் சொல்லுகிறார். எவ்வளவுக்கெவ்வளவு இடித்துத் தள்ளுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நிர்வாகம் சுறுசுறுப்பாய் நடப்பதாக அர்த்தம் என்பது அவருடைய சித்தாந்தம். ஆனால் உடனே ஒரு சங்கடம் ஞாபகம் வருகிறது. அந்த வேலிக்குப் பின்னால் 40 வண்டிக் குப்பை குவிந்து கிடக்கிறது! வேலியை இடித்தால் குப்பை தெரியும். இடிக்காவிட்டால் சுறுசுறுப்புத் தெரியாது. அவர் என்ன செய்வார், பாவம்!

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மாதாகோயில் கட்ட ஐந்து வருஷத்துக்கு முன் பணம் வந்திருந்தது. கோயிலைக் காணோம். யாராவது கேட்டால், கட்ட ஆரம்பித்தோம், எரிந்துபோயிற்று என்று சொல்லுங்கள், எவனாவது மடையன் ஆரம்பிக்கவே இல்லை என்று உளறிவிடப்போகிறான் என்று எச்சரிக்கிறார். கடவுளுக்கு வீடு கட்ட வந்த பணத்தைத் தின்றவனைக் கடவுள் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்பானே என்றுதான் நடுக்கம். பக்தனுக்கே எந்த அதிகாரம் உண்மையானது, எது பொய்யானது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது!

இங்கே ஒரு சம்பாஷணை வருகிறது. அதைச் சுயமரியாதைக்காரர்கள் கவனிக்க வேண்டும். நகராதிகாரி ஜட்ஜைப் பார்த்து, நீர் நாய்க்குட்டி வாங்கினால் என்ன, பணம் வாங்கினால் என்ன, எல்லாம் லஞ்சந்தான். ஆனால் உமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, கோயிலுக்குப் போவதில்லை, நானோ ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், நம்பிக்கையில் உறுதியானவன் என்கிறார். அதாவது இருவரும் திருடர்கள். ஆனால் ஒருவர் ஆஸ்திகத் திருடர், மற்றவர் நாஸ்திகத் திருடர். பக்தி லஞ்சத்தைத் தடுக்கவில்லை, அதற்கு மன்னிப்புச் சீட்டாக இருக்கிறது. இதோடும் நிற்கவில்லை. இந்த ஆபத்திலிருந்து தப்பித்தால் எவனும் வைக்காத அவ்வளவு பெரிய மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்று நேர்ந்துகொள்ளுகிறார். மெழுகுக்குப் பணம் யாருடையது? வியாபாரி ஒவ்வொருவனிடமும் மூன்று பூடு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 49 கிலோ மெழுகு பிடுங்குவதாகத் திட்டம். நேர்த்தி இவருடையது, நஷ்டம் ஊராருடையது. உண்டியலில் விழும் பெரிய நோட்டுகளின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் இந்த நாடகம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஆனால் நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஜட்ஜ் ஐந்தாறு புஸ்தகம் படித்தவர், உலகம் உண்டானதைப் பற்றித் தாமாகவே யோசித்து முடிவுக்கு வந்தவர் என்று பெருமை பேசுகிறவர். இருந்தும் நாய்க்குட்டி வாங்குகிறார். 15 வருஷமாய் நாற்காலியில் உட்கார்ந்தும் வழக்கில் உண்மை எது, பொய் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கடவுள் இல்லை என்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் ஒருவன் யோக்கியனாகிவிட மாட்டான். பகுத்தறிவு என்பது பேச்சில் மட்டும் இருந்து நடவடிக்கையில் இல்லாமற்போனால், பக்தன் நெற்றியில் பூசுகிற சாம்பலுக்கும் நாம் சட்டையில் குத்துகிற சின்னத்துக்கும் வித்தியாசம் ஏது? இதை நான் எதிரிகளுக்குச் சொல்லவில்லை, நமக்குத்தான் சொல்லுகிறேன்.

சரி, இன்ஸ்பெக்டர் யார்? ஊரில் சத்திரத்தில் ஒரு வாலிபன் இரண்டு வாரமாகத் தங்கியிருக்கிறான். பெயர் க்லெஸ்தகோவ். தலைநகரில் காகிதம் நகல் எழுதும் கடைசிப்படிக் குமாஸ்தா. ருஷ்யாவில் பீட்டர் ராஜா 1722-ல் உத்தியோகங்களை 14 படியாக வகுத்துவைத்தார். படிக்குத் தக்கபடி மரியாதையாக அழைக்கும் வார்த்தைகூட மாறும். நம் நாட்டு மனு தர்மத்தில் ஜாதி பிறப்பால் வந்தது. அங்கே இந்தப் படி உத்தியோகத்தால் வந்தது. ஆனால் மேல்படிக்குக் குனிவதும் கீழ்ப்படியை மிதிப்பதும் இரண்டுக்கும் பொது. இந்த வாலிபன் பதினாலாவது படி, அதற்குக் கீழே படி கிடையாது. சீட்டாட்டத்தில் பணத்தைத் தோற்றுவிட்டு, சத்திரத்துக்காரனுக்குச் சாப்பாட்டுப் பாக்கி கொடுக்காமல், பட்டினியாய்க் கிடக்கிறான்.

இவனை இன்ஸ்பெக்டர் என்று ஊரார் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஊரிலுள்ள இரண்டு வம்பளப்பாளர்கள் கொண்டுவந்த சாட்சியம் இதுதான்: அவன் சாப்பிடுகிறான், பணம் கொடுப்பதில்லை, ஊரைவிட்டுப் போவதும் இல்லை, இப்படிப்பட்டவன் அதிகாரி அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்! தோழர்களே, உத்தியோகஸ்தர்களைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் இதைவிட என்ன எழுதிவிட முடியும்? ஓசியில் சாப்பிடுவதே அதிகாரத்தின் முத்திரை என்று ஜனங்கள் படித்துவைத்திருக்கிறார்கள்.

நகராதிகாரி பதறிக்கொண்டு புறப்படுகிறார். தொப்பி என்று நினைத்துக் காகிதப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். சத்திரத்தில் அந்த வாலிபன், பாக்கிக்காகத் தன்னைச் சிறைக்குக் கொண்டுபோகத்தான் வந்துவிட்டார்கள் என்று இவரைக் கண்டு நடுங்குகிறான். இவரும் அவனைக் கண்டு நடுங்குகிறார். ஒருவரைக் கண்டு ஒருவர் பயம்! அவன் 200 ரூபிள் கடன் கேட்க, இவர் 400-ஆகத் திணித்துவிட்டு, வாங்கிக்கொண்டான், தப்பித்தோம் என்று பெருமூச்சு விடுகிறார். லஞ்சம் வாங்குகிறவன் என்று தெரிந்தவுடன் இவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. யோக்கியனாக இருந்தால்தான் ஆபத்து.

பிறகு ராஜ உபசாரந்தான். நகராதிகாரி வீட்டில் குடிபோதையில் அவன் அளக்காத அளப்பில்லை. 700 ரூபிள் விலையுள்ள தர்ப்பூசணி, பாரிசிலிருந்து கப்பலில் சட்டியோடு வரும் சூப்பு, தன்னைத் தேடித் தெருவெல்லாம் ஓடிய 35,000 சேவகர்கள் என்று அளக்க அளக்க, கேட்கிறவர்களுக்கு உடம்பு நடுங்குகிறது. ஒருவராவது, "ஐயா, 35,000 பேர் ஒரு தெருவில் எப்படி ஓடுவார்கள்?" என்று கேட்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் புராணங்களின் ஞாபகம் வந்தது. அறுபதினாயிரம் வருஷம் தவம், அறுபதினாயிரம் மனைவிகள் என்று சொன்னால் நாமும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோமே தவிரக் கணக்குப் பார்ப்பதில்லை. அவன் தானாக ஏமாற்றினான் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய பயந்தான் அவனை இன்ஸ்பெக்டராக்கிற்று. பயம் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தான். இல்லாத ஒருவருக்குப் படையல் போட்டுப் பழகிய புத்தி, கிடைத்த ஒருவனுக்கும் படையல் போடுகிறது.

அடுத்த நாள் உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொருவராக வந்து "தரிசனம்" செய்கிறார்கள். ஜட்ஜிடம் 300, தபால் அதிகாரியிடம் 300, பள்ளிக்கூட அதிகாரியிடம் 300, தர்ம ஸ்தாபனத்தாரிடம் 400. தர்ம ஸ்தாபனத்தார் போகும்போது மற்ற மூவர்மேலும் கோள் சொல்லிவிட்டுப் போகிறார். லஞ்சம் நான் வாங்கவே மாட்டேன், கடன் என்றால் அது வேறு சங்கதி என்கிறான் வாலிபன். நாடகம் முழுவதும் அவன் வாங்கிய ரொக்கத்தைக் கூட்டினால் 2,600 ரூபிளுக்குமேல் ஆகிறது. வம்பளக்கிற இருவரில் ஒருவன் கேட்கிற வரம் என்ன தெரியுமா? தலைநகரில் பெரிய மனிதர்களையும் ஜாரையும் பார்க்கும்போது, இன்ன ஊரில் இன்ன பெயருடைய ஒருவன் உயிரோடிருக்கிறான் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறான். ஜனங்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் ஒரு மனிதன் என்பதற்கே மேலிடத்துச் சான்று வேண்டும் என்று ஒருவனை நினைக்கும்படி செய்துவிட்ட சமூகம் எவ்வளவு கொடியது!

இனி வருவதுதான் நாடகத்தின் முக்கிய பாகம் என்பது என் அபிப்பிராயம். ஊர் ஜனங்கள் பிராதுகளோடு வருகிறார்கள். வியாபாரிகள் வந்து, நகராதிகாரி கடைக்கு வந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார், அந்தோன் பெருநாளில் அவருடைய பெயர் நாளுக்குக் காணிக்கை கொடுக்கிறோம், போதாதென்று ஒனுஃப்ரி பெருநாளிலும் தமக்குப் பெயர் நாள் என்று வாங்குகிறார் என்று அழுகிறார்கள். அழுதுகொண்டே சர்க்கரையும் மதுவும் 500 ரூபிளும் அதை வைத்த வெள்ளித் தட்டும் கொடுக்கிறார்கள். லஞ்சத்தின்மேல் பிராது, அந்தப் பிராதுக்கும் லஞ்சம்!

ஒரு பூட்டுத் தொழிலாளியின் மனைவி வருகிறாள். பட்டாளத்திற்குப் போக வேண்டியவன் தையற்காரன் மகன். அவன் வீட்டார் லஞ்சம் கொடுத்துத் தப்பித்துக்கொள்ள, சட்டப்படி போகக்கூடாத தன் புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறாள். ஒரு சார்ஜெண்டின் விதவை வருகிறாள். சந்தையில் பெண்கள் சண்டை போட்டார்கள். போலீசார் நேரத்தில் வராமல், பிறகு வந்து, சம்பந்தமில்லாத இவளைப் பிடித்துச் சவுக்கால் அடித்துவிட்டார்கள். அவள் கேட்பதென்ன? ஒரு பெண்ணை அடிக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்கவில்லை. ஆள் மாறி அடித்துவிட்டாய், அந்தப் பிசகுக்கு அபராதம் கொடு என்று கேட்கிறாள். சரியான ஆளை அடித்திருந்தால் அவளுக்கும் ஆட்சேபணை இல்லை போலும். நகராதிகாரியின் பதிலோ, அவள் தன்னைத்தானே அடித்துக்கொண்டாள் என்பது!

இத்தனை பேருடைய கண்ணீரையும் அந்த இன்ஸ்பெக்டர் என்ன செய்தான்? ஜன்னல் வழியாக மனுக்களை நீட்டும் கைகளைப் பார்த்ததும் சலித்துப்போய், இனி யாரையும் உள்ளே விடாதே என்று வேலைக்காரனுக்கு உத்திரவிட்டான். நகராதிகாரியின் மகளுக்குக் கல்யாண வாக்குறுதி கொடுத்துவிட்டு, மறுபடியும் 400 ரூபிள் வாங்கிக்கொண்டு, நல்ல குதிரையில் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

சம்பந்தி தலைநகர அதிகாரி என்றவுடன் நகராதிகாரி வியாபாரிகளை வரவழைத்து வாட்டுகிறார். அப்போது ஒரு ரகசியம் வெளிவருகிறது. நீ பாலம் கட்டினபோது நூறு ரூபிளுக்குக்கூட மரம் இல்லாத இடத்தில் 20,000 ரூபிளுக்கு மரம் என்று கணக்கெழுதினாயே, அதற்கு உனக்கு உதவி செய்தது யார் என்று கேட்கிறார். பிராது கொண்டுவந்தவர்களின் வாய் அடைத்துப்போகிறது. ஏன்? அவர்கள் பொதுப் பணத்தைத் திருடினபோது கூட்டாளிகள், பங்குத் தகராறு வந்தபோதுதான் பிராதுக்காரர்கள். காண்டிராக்டுக்காரனும் அதிகாரியும் சண்டை போடும்போது ஊரார் கட்சி கட்டிக்கொண்டு ஒருவனுக்கு ஜே போடுவதைப்போன்ற முட்டாள்தனம் வேறொன்றுமில்லை. இருவர் பையிலும் இருப்பது நம் வரிப்பணந்தான்.

முடிவு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தபால் அதிகாரி வழக்கம்போல் வாலிபனின் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க, குட்டு வெளிப்படுகிறது. நகராதிகாரி தலையிலடித்துக்கொண்டு, கொட்டகையில் சிரித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், உங்களைப் பார்த்தே சிரித்துக்கொள்ளுகிறீர்கள் என்ற கருத்தில் சீறுகிறார். அந்தச் சமயத்தில் ஒரு சேவகன் வந்து, உண்மையான இன்ஸ்பெக்டர் சத்திரத்தில் இறங்கியிருக்கிறார், எல்லாரையும் உடனே வரச் சொல்லுகிறார் என்று அறிவிக்கிறான். அத்தனை பேரும் கல்லாய்ச் சமைந்து நிற்கத் திரை விழுகிறது.

தோழர்களே! பலர் இதைப் பார்த்துவிட்டு, ஆகா, கடைசியில் நியாயம் வந்துவிட்டது என்று திருப்தியோடு வீட்டிற்குப் போகிறார்கள். நான் கேட்கிறேன்: உண்மை இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன ஆகும்? நகராதிகாரி 30 வருஷ உத்தியோகத்தில் மூன்று கவர்னர்களை ஏமாற்றியிருப்பதாகத் தாமே சொல்லுகிறார். மாகாண கவர்னரே ஏமாறினால் நாலாவதாக ஒரு பெரிய மனிதர் ஏமாற எவ்வளவு நேரமாகும்? அவருக்கும் ஒரு விருந்து, அவருக்கும் ஒரு "கடன்", மறுபடியும் அதே 40 வண்டிக் குப்பை. பூட்டுக்காரனின் மனைவி மறுபடியும் ஜன்னலில் கை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

நடந்த சரித்திரமும் அதுதான். அரண்மனைச் செல்வாக்குள்ள நண்பர்கள் மூலம் ஜாரின் சம்மதம் கிடைத்துத்தான் இந்த நாடகம் மேடைக்கு வந்தது. ஜாரே முதல் நாள் வந்து சிரித்து, எல்லாருக்கும் உதை, எனக்குத்தான் அதிகம் என்ற கருத்தில் சொன்னாராம். நன்றாகச் சிரித்தார், ஆனால் ஆட்சி முறையில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. உத்தியோகஸ்தர்கள் ஆசிரியர்மேல் சீறினார்கள். கோகோல் மனம் வெறுத்து அந்த வருஷமே வெளிநாடு போய்விட்டார். 1870-ல் ருஷ்யப் பட்டணங்களுக்குத் தேர்தல் மூலம் நகரசபை வந்தது. அதிலும் நகர வரி கட்டுகிறவனுக்கே ஓட்டு, அதிலும் அதிகம் கட்டுகிறவனுக்கே அதிக பலம். அந்த வியாபாரிகள் நகராதிகாரியின் நாற்காலிக்கு வந்தார்களே தவிர, பூட்டுக்காரன் மனைவி வரவில்லை.

இதைவிட வருத்தமான பாகம் ஆசிரியருடைய கதை. பல வருஷம் கழித்துக் கோகோலுக்கு மதப்பித்து ஏறிற்று. 1846-ல் அவர் தம் நாடகத்திற்குத் தாமே ஒரு புது வியாக்கியானம் எழுதினார். அந்த ஊர் உண்மையில் ஊர் அல்லவாம், மனிதனுடைய ஆத்மாவாம். கெட்ட உத்தியோகஸ்தர்கள் நம் கெட்ட ஆசைகளாம். கடைசியில் வரும் இன்ஸ்பெக்டர், மரண வாசலில் நமக்காகக் காத்திருக்கும் மனச்சாட்சியாம்! குப்பையும் ஆஸ்பத்திரியும் சவுக்கடியும் ஒரே மூச்சில் மாயமாய்ப் போய்விட்டன. இது நமக்குத் தெரியாத வித்தையா? எந்தக் கதையில் ஆபாசம் இருக்கிறது, அநீதி இருக்கிறது என்று நாம் எடுத்துக் காட்டினாலும், அதற்குத் தத்துவார்த்தம் வேறு என்று சொல்லும் சாஸ்திரிகளை நாம் பார்த்ததில்லையா? 1847-ல் அவர் வெளியிட்ட ஒரு கடிதத் தொகுப்பில் ஜாருக்கும் கோயிலுக்கும் பண்ணையார்களுக்கும் அடங்கி நடப்பதே தர்மம் என்ற முறையில் உபதேசம் செய்தார்.

அதைப் படித்து மனம் கொதித்தவர் பெலின்ஸ்கி என்ற விமர்சகர். அவர்தான் முன்பு கோகோலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர். காசநோயால் சாகக் கிடந்தவர், சிகிச்சைக்குப் போன இடத்திலிருந்து 1847 ஜூலையில் கோகோலுக்கு ஒரு கடிதம் எழுதினார். ருஷ்யாவுக்கு வேண்டியது உபதேசமும் அல்ல, ஜெபமும் அல்ல. எத்தனையோ நூற்றாண்டாகச் சேற்றில் புதைந்துபோன மனிதத் தன்மையின் மானவுணர்ச்சி ஜனங்களுக்குள் எழுப்பப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்கு நம் பாஷையில் ஒரே வார்த்தைதான் உண்டு: சுயமரியாதை! அந்தக் கடிதத்தை அச்சிட அனுமதி இல்லை. கையால் எழுதி எழுதிப் பரவிற்று. அதைக் கூட்டத்தில் வாசித்த குற்றமும் சேர்ந்துதான் 1849-ல் தாஸ்தாயெவ்ஸ்கிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, சுடப்போகும் தருணத்தில் சைபீரியக் கடுங்காவலாக மாற்றப்பட்டது. கோகோலோ ஒரு பாதிரியின் செல்வாக்கில் உபவாசம், ஜெபம் என்று உடம்பை வாட்டி, தம் கையெழுத்துப் பிரதியைத் தாமே நெருப்பிலிட்டு, 1852-ல் 43 வயது நிறையுமுன் மாண்டார். ஊரெல்லாம் பயத்தால் ஓர் இன்ஸ்பெக்டரை உண்டாக்கிக்கொண்டதைக் கண்டு சிரித்த மகா புத்திசாலி, கடைசியில் தாமும் ஓர் இன்ஸ்பெக்டரை உண்டாக்கிக்கொண்டு நடுங்கிச் செத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பரிதாபந்தான். அவ்வளவு பெரிய அறிவையும் மதம் தின்றுவிடக்கூடுமானால் சாமானியர்களாகிய நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

"நாடகத்தில் ஒரு நல்லவன்கூட இல்லையே, இப்படியா எழுதுவது?" என்று அக்காலத்திலேயே கேட்டார்கள். அதில் ஒரு யோக்கியமான பாத்திரம் உண்டு, அது சிரிப்பு என்று கோகோல் பின்னால் பதில் எழுதினார். நல்ல பதில்தான். ஆனால் ஜாரும் சிரித்தாரே! ஆகையால் சிரிப்பு மட்டும் போதாது என்று நான் சொல்லுகிறேன். கொட்டகையில் சிரித்தவன் வெளியே வந்து கணக்குக் கேட்க வேண்டும். மேலேயிருந்து ஒருவர் வந்து நம்மைக் காப்பாற்றுவார் என்று காத்திருக்கிற வரையில், அந்த ஒருவர் கடவுளாக இருந்தாலும், கலெக்டராக இருந்தாலும், மந்திரியாக இருந்தாலும், நாம் ஜன்னலில் கை நீட்டுகிறவர்கள்தான்.

நமக்கு அந்த ஊரார்க்கில்லாத வசதிகள் உண்டு. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு உண்டு. 2005-ல் ஏற்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. பத்து ரூபாய் கட்டி ஒரு மனு எழுதிப் போட்டால், உங்கள் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், வேலை முடிந்ததாக எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்கு 30 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். எரிந்துபோன கோயில்கள் நம் ஊரிலும் எத்தனை இருக்கின்றன என்று அப்போது தெரியும். இது சில்லறை வேலை, இதிலென்ன பெருமை என்று நினைக்காதீர்கள். பெரியார் அவர்களே ஈரோடு முனிசிபல் சேர்மனாக இருந்து வேலை செய்துவிட்டு, 1919-ல் அதை ராஜினாமாச் செய்த பிறகுதான் மற்றப் பெரிய காரியங்களுக்கு வந்தார்கள். சாக்கடையைப் பார்க்கத் தெரியாதவன் சமூகத்தைப் பார்த்துவிடப் போவதில்லை.

ஆகவே, இந்த வாசகசாலைத் தோழர்களுக்கு நான் சொல்லிக்கொள்ளுவது இரண்டு காரியங்கள். ஒன்று, அடுத்த ஆண்டு விழாவில் புராண நாடகத்தை விட்டுவிட்டு இந்த நாடகத்தை நடித்துக் காட்டுங்கள். இரண்டு, நடிப்பதற்கு முன்னால் உங்கள் வார்டின் கணக்கை வாங்கிவைத்துக்கொண்டு, திரை விழுந்ததும் சபையில் அதை உரக்கப் படியுங்கள். கணக்கைப் படித்தபின் யார் சிரிக்கிறார்கள், யார் கல்லாய்ச் சமைந்து நிற்கிறார்கள் என்று பார்த்தால் உங்கள் ஊர் எந்த ஊர் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.